நன்று, ஆனால் குழப்படி

"என்ர மகள் ஆருக்கு விரோதி, பிள்ளை?"

கந்தோரின் உயர்ந்த மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதர் இப்படிக் கேட்டபோது, அவர் யார் என்றும் எனக்குத் தெரியாது, அவர் மகள் யார் என்றும் தெரியாது.

காலை பத்து மணி இருக்கும். சோளகக் காற்று வீசும் மாதம். யன்னல் கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். அப்படியும் மேசைத் தாள்களின் மேல் மெல்லிய மணல் வந்து படிந்துகொண்டே இருந்தது. அவர் சட்டைக்குள் கைவிட்டு, வயிற்றோடு சேர்த்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து விரித்தார். ஓரம் வியர்வையில் நனைந்திருந்தது.

அது என் கையெழுத்து. ஒரு கிழமைக்கு முன் நானே எழுதி, முத்திரை குத்திக் கொடுத்த தாள்.

எனக்குச் சிங்களம் வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்தச் சிங்களம் முதன்முதலாக ஒரு வீட்டுக்குள் நுழைந்து செய்த வேலையை இந்த வாரம் சொல்கிறேன்.

அகராதி தந்த சொல்

அப்போது நான் மன்னார் நகரத்தில் ஓர் அரச கந்தோரில் மொழிபெயர்ப்பாளர். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம், இன்னும் நிரந்தரமாக்கவில்லை. கொழும்புக்குப் போகும் தமிழ்ப் பத்திரம் எதுவானாலும் அதற்கு ஒரு சிங்களப் பிரதி வேண்டும் என்ற காலம். பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், காணி உறுதி எல்லாம் என் மேசைக்கு வரும்.

வந்தவரின் பெயர் சந்தியோகு. தோட்டவெளிக்காரர், கடற்றொழில். அவருடைய மூத்த மகள் ரீற்றா, தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. அதற்கு முன் பாடசாலை விடுகைப் பத்திரத்தைச் சிங்களப் பிரதியோடு அனுப்ப வேண்டும். அந்தப் பிரதியைத்தான் நான் செய்து கொடுத்திருந்தேன்.

பத்திரத்தில் எல்லாம் வழக்கமானவை. பெயர், பிறந்த திகதி, சேர்ந்த வகுப்பு, விட்ட வகுப்பு. கடைசி வரி, நடத்தை. அதற்கு எதிரே தலைமை ஆசிரியை நீல மையால் எழுதியிருந்தார்: "நன்று, ஆனால் குழப்படி."

என் மேசை லாச்சிக்குள் இருந்த அகராதியில் குழப்படி இல்லை. குழப்பம் இருந்தது, கலகம் இருந்தது, ஒழுங்கீனம் இருந்தது. ஒழுங்கீனம் கிட்டத்தட்ட வருகிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டு போனேன். அதற்குச் சிங்களத்தில் கந்தோர்கள் எழுதும் தொடர் ஒன்று இருந்தது: வினய விரோதி. ஒழுக்கத்துக்கு மாறானது என்று பொருள். எழுதினேன். முத்திரை குத்தினேன். அன்றைக்கு என் மேசையில் இன்னும் பதினாறு பத்திரங்கள் கிடந்தன.

சந்தியோகுவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஆனால் சிலாபப் பக்கத்திலிருந்து வந்து, கரையில் வாடி என்ற ஓலைக் கொட்டில் அடித்துத் தங்கி மீன்பிடிக்கிற சிங்களவர்கள் இருந்தார்கள். தபாலில் போடுவதற்கு முன், மகளின் பத்திரத்தை ஒருவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாடிக்காரர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்து கடைசி வரியில் நிறுத்தினாராம்.

"விரோதி எண்டு வாசிச்சவர். அது எனக்கும் விளங்கின சொல்தானே," என்றார் சந்தியோகு. "இது கூடாத எழுத்து, இதை அனுப்பாதை எண்டும் சொன்னவர். நீங்களே சொல்லுங்கோ பிள்ளை. என்ர மகள் ஆருக்கு விரோதி? பொலிசில மாட்டினவளே? ஆரையும் அடிச்சவளே?"

எனக்குக் காது சுட்டது. "இல்லை ஐயா, உங்கட பத்திரத்தில குழப்படி எண்டு இருக்கு. அதைத்தான்..."

"குழப்படியோ?" அவர் முகம் மாறியது. அதுவரை இருந்த கோபம் போய், ஏதோ வேடிக்கையைக் கேட்டவர் போல என்னைப் பார்த்தார். "குழப்படி எண்டா அவள் குழப்படிதான். அதுக்கும் விரோதிக்கும் என்ன?"

கடலுக்கு ஆகாத சொல்

இந்தியாவில் இருந்து இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் குறும்பு என்பீர்கள், சேட்டை என்பீர்கள். எங்களுக்குக் குழப்படி. தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை அரிசிப் பானையைக் கவிழ்த்தால் குழப்படி. பூசை நேரத்தில் முன் வாங்குப் பலகையில் இருந்து சிரித்தால் குழப்படி. சேட்டை என்ற சொல்லும் எங்களிடம் உண்டு. ஒரு பெண்பிள்ளையோடு ஒருவன் சேட்டை விட்டால் கைகலப்பில் போய் முடியும்.

சந்தியோகுவைக் கதிரையில் இருக்கச் சொன்னேன். மனதுக்குள் பயம் இருந்தாலும், அதைவிடப் பெரிதாக ஒரு ஆர்வம் எழுந்துவிட்டது. பிறந்ததிலிருந்து சொல்லிவரும் சொல். அதற்கு என்ன பொருள் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

"கடல் கொந்தளிச்சா, கடல் குழப்படி எண்டு சொல்லுவியளோ?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டம். கடல் குழப்பமா இருக்கு எண்டுதான் சொல்லுறது." கொஞ்சம் யோசித்தார். "குழப்படிக்கு ஒரு ஆள் வேணும் பிள்ளை. செய்யிற ஆள். கடலுக்கு அது தெரியாது. செய்யிற ஆளுக்குத் தான் செய்யிறது தெரிஞ்சிருக்கும்."

ரீற்றா அப்படி என்ன செய்தாள் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்தில ஏதோ தண்ணிப் பிரச்சினை. கேட்டா அவள் வாய் திறக்கிறாளில்லை. புதன்கிழமைத் தபாலுக்கு இது போக வேணும் எண்டு கடிதத்தில போட்டிருக்காம்."

அன்று வெள்ளிக்கிழமை. மூலப் பத்திரத்தையும் பிரதியையும் என்னிடம் விட்டுப் போகச் சொன்னேன்.

கழுத்தில் கட்டை

சனிக்கிழமை நான் பஸ் பிடித்துப் பாப்பாமோட்டைக்கு, வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டில் வயல் வேலை. ஐயா, என் அப்பா, மாட்டுப் பட்டியடியில் நின்றார். வேலி பாய்கிற ஒரு நாம்பன் மாட்டின் கழுத்தில், ஓடினால் முழங்காலில் தட்டும்படி ஒரு கட்டையைத் தொங்கவிட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனய்யா இதுக்குக் கட்டை?"

"குழப்படி மாடு. ராசா, அசையாம நில்லு." பின்னதை மாட்டுக்குச் சொன்னார்.

எங்கள் பட்டியில் ஆளை முட்டுகிற மாடு ஒன்றும் முன்பு இருந்தது. அதை ஐயா ஒருநாளும் குழப்படி என்று சொன்னதில்லை. அது பொல்லாத மாடு. அதை விற்றுவிட்டார். குழப்படி மாட்டை விற்கமாட்டார்; கட்டை கட்டுவார்; கட்டும்போது ராசா என்பார்.

இதை நான் சொன்னதும் சிரித்தார். பிறகு கயிற்றை இறுக்கிவிட்டு, "மனிசருக்கு அப்பிடி இல்லை," என்றார். "பத்து வயசுப் பெடியனைக் குழப்படி எண்டா செல்லம். நாப்பது வயசு ஆளைக் குழப்படி எண்டா ஆரும் அவனுக்குப் பொம்பிளை குடுக்க மாட்டினம். நீ ஆரைப் பற்றிக் கேக்கிறாய்?"

"பத்தொன்பது வயசுப் பிள்ளை, ஐயா."

"பெடியனோ?"

"பெட்டை."

ஐயா நாக்கை மடித்து ஒரு சத்தம் எழுப்பினார். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

ஞாயிறு மாலை பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சொல் அதேதான். சொல்லப்படுகிறவரின் வயது ஏற ஏற அது கறுத்துக்கொண்டு போகிறது. பத்தொன்பதில் அது என்ன நிறம்? எழுதியவர் எந்த நிறத்தை நினைத்து எழுதினார்? அவரைக் கேட்காமல் ஓர் எழுத்தும் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

ஒரு பானைத் தண்ணீர்

அந்தத் தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய ரீச்சர் என்பார்கள். திங்கட்கிழமை பாடசாலை விட்ட பிறகு போனேன். வெள்ளைச் சேலை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். என்னை இருக்கச் சொல்லவில்லை. பத்திரத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஓம். நான் எழுதினதுதான். அதுக்கென்ன?"

"ரீற்றா என்ன செய்தவ, ரீச்சர்?"

மாற்றித் தரும்படி கெஞ்சத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து யன்னலால் கிணற்றைக் காட்டினார்.

அந்த வருடம் மழை பிந்திவிட்டது. பாடசாலைக் கிணறு உவர்த்துப் போனது. வாயில் வைத்தால் கடல் தண்ணீர்தான். ஆசிரியைகள் தூரத்து நல்ல கிணறு ஒன்றிலிருந்து வண்டியில் தண்ணீர் எடுப்பித்து, ஒரு பெரிய மண் பானையில் ஊற்றித் தங்கள் அறையில் மூடி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு உவர்த் தண்ணீர். ஒரு நாள் வெயிலில், ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வரிசையில் நின்றபடியே விழுந்துவிட்டாள். ரீற்றா யாரையும் கேட்கவில்லை. ஆசிரியைகளின் அறைக்குள் போய்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, முற்றத்து வேம்பின் கீழ் வைத்து, பள்ளிக்கூடம் முழுவதையும் வரிசையாகக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். தடுக்க வந்த ஆசிரியை ஒருவரிடம், "நீங்களும் வரிசையில வாங்கோ, ரீச்சர்," என்றாளாம்.

பெரிய ரீச்சர் இதைச் சொல்லும்போது அவர் வாயோரம் லேசாக அசைந்தது. உடனே சரிசெய்துகொண்டார்.

"ஏழு பேர் ரீச்சர்மார் என்ர மேசைக்கு முன்னால வந்து நிண்டவை. விடுகைப் பத்திரத்தில துர்நடத்தை எண்டு எழுத வேணுமாம். இல்லாட்டி மேலிடத்துக்குப் பெட்டிசம் போடுவினமாம். நான் ஒரு ஆள். அவை ஏழு பேர். அடுத்த நாளும் அவையோட நான் பள்ளிக்கூடம் நடத்த வேணும்."

"அதுதான் குழப்படி எண்டு எழுதினியளோ?"

"நன்று எண்டு முதல் எழுதினன். பிறகு குழப்படி எண்டு எழுதினன். அவைக்கும் கோபம் ஆறிப்போச்சு. குழப்படி எண்ட சொல்லை வாசிச்சுப் போட்டு எந்தத் தமிழர் ஒரு பிள்ளையைத் தள்ளி வைப்பினம், சொல்லும் பாப்பம்? வாசிக்கிறவை சிரிப்பினம். சிரிச்சாப் போதும் எண்டு நினைச்சன்."

"ஆனா வாசிக்கப் போறது தமிழர் இல்லையே, ரீச்சர்."

நான் எழுதிய சிங்களப் பிரதியை அவர் முன் வைத்து, அது என்ன சொல்கிறது என்று விளங்கப்படுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். தனக்கு விளங்காத அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்தபடி இருந்தார்.

"அதை நான் யோசிக்கேல்லை," என்றார். "இவ்வளவு வருசமாப் பத்திரம் எழுதுறன். வேற ஆக்கள் வாசிப்பினம் எண்டதை யோசிக்கேல்லை." பிறகுதான் என்னைப் பார்த்து, "இரும், பிள்ளை," என்றார்.

புதிய பத்திரம் எழுதித் தருவதாகவும் சொன்னார். ஆனால் முதல் பத்திரத்தின் இலக்கம் விண்ணப்பத்தில் ஏற்கெனவே போய்விட்டது. இரண்டாவது ஒன்று போனால், முதலாவதில் எதை மறைத்தார்கள் என்று கேட்பார்கள். அவர் எழுதிய சொல் அப்படியே நிற்க வேண்டும். அதைச் சிங்களத்தில் சிரிக்க வைக்க வேண்டிய வேலை என்னுடையது.

அழுமா, சிரிக்குமா?

எங்கள் கந்தோரில் குணதாச என்று ஒருவர் இருந்தார். குருநாகல் பக்கத்தவர், குளங்களின் அணைக்கட்டுகளைப் பார்வையிடும் வேலை. கிழமையில் இரண்டு நாள்தான் மேசையில் இருப்பார். தமிழை வயல்காரரிடம் படித்தவர், அதனால் கந்தோர்த் தமிழ் அவருக்கு வராது.

செவ்வாய்க்கிழமை காலை அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் போய்ப் பிடித்தேன். பானைக் கதையையும் மாட்டுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தச் சொல் சொன்னா, பிள்ளை அழுமா, சிரிக்குமா?"

நான் படித்த எந்த இலக்கணப் புத்தகமும் என்னை இப்படிக் கேட்டதில்லை. என்னையே ஐந்து வயதாக்கி, அம்மா கத்துவதைக் கேட்டுப் பார்த்தேன்.

"ஓடும். ஓடிக்கொண்டு சிரிக்கும்."

"அப்ப தங்க," என்றார் அவர் உடனே. "தங்க லமயெக், குழப்படிப் பிள்ளை. எங்கட அம்மா என்னைச் சொன்ன சொல். மரத்தில ஏறும், குளத்தில பாயும். கெட்ட பிள்ளை இல்ல. கெட்ட பிள்ளைக்கு வேற சொல் இருக்கு."

தங்க. தமிழ்க் காதுக்குப் பொன் போலக் கேட்கிறது. ஒரு தொடர்பும் இல்லை. எழுதிக் காட்டச் சொன்னேன். சிகரெட் பெட்டி மட்டையின் பின்புறம் எழுதினார்.

"பெரிய பிள்ளைக்கும் சொல்லலாமோ? பத்தொன்பது வயது?"

"சொல்லலாம். சொல்றவங்களுக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கும் எண்டா."

அடுக்களைச் சிங்களம்

புதிய பிரதியை எழுதி, எங்கள் தலைமை எழுத்தரான பிரதம இலிகிதரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். பழைய பிரதியை இரத்துச் செய்ய அவர் ஒப்பம் வேண்டும். அவர் எங்கள் ஊர்த் தமிழர்தான். சிங்களத்தில் எங்கள் எல்லோருக்கும் மேல். கடைசி வரியில் அவர் பேனை நின்றது.

"இது என்ன? இது வீட்டில கதைக்கிற சிங்களம். அடுக்களைச் சொல். அரசாங்கப் பத்திரத்தில இதை எழுதுறதோ?"

"மூலத்தில இருக்கிறதும் அடுக்களைச் சொல்தான், ஐயா."

"அப்ப நீர் முதல் எழுதினது பிழையோ?"

"பிழை, ஐயா."

பேனையை மேசையில் வைத்தார். "ஒரு மொழிபெயர்ப்பாளர் தான் முத்திரை குத்தினதைத் தானே பிழை எண்டு சொன்னா, நிரந்தரமாக்கிற நேரத்தில அது உம்மட கோவைத் தாள்களோட கிடக்கும். தெரியுந்தானே?"

தெரியும். வேலை போனால் பாப்பாமோட்டையில் எனக்காக ஒன்றும் காத்திருக்கவில்லை, ஒரு கலியாணப் பேச்சைத் தவிர. ஆனாலும் அந்த நேரத்தில், சந்தியோகு அந்தத் தாளை வயிற்றோடு வைத்திருந்ததுதான் கண்ணுக்குள் நின்றது.

"தெரியும், ஐயா. பிழை எண்டே எழுதுங்கோ."

அவர் எழுதினார். என் முதற் பிரதிக்குக் குறுக்கே சிவப்பு மையால் இரண்டு கோடு. பக்கத்தில், மொழிபெயர்ப்பாளரின் தவறு. பிறகு புதியதில் ஒப்பமிட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமலே, "என்ர மனிசியும் பிள்ளையளை அப்பிடித்தான் பேசுறவ, தமிழில," என்றார்.

என்னை நிரந்தரமாக்குவது எட்டு மாதம் பிந்தியது. அது வேறு கதை.

நேர்முகம்

இரண்டு மாதம் கழித்து, சந்தியோகு ஒரு பனையோலைக் கூடையில் நண்டு கொண்டுவந்தார். கந்தோருக்குள் நண்டு வரக்கூடாது என்று பியோன் தடுக்க, வாசலில் நின்றபடியே கத்திச் சொன்னார்: "தாதிப் பயிற்சிக்கு எடுபட்டிட்டாள்!"

அடுத்த நாள் ரீற்றா வந்தாள். அன்றுதான் அவளை முதலில் பார்க்கிறேன். பானை தூக்கியவள் என்று நான் நினைத்து வைத்திருந்த உருவத்தில் பாதிதான் இருந்தாள். மெலிந்த கை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. வந்து நின்ற வேகத்திலேயே, "மிஸ், நேர்முகத்தில அதைத்தான் முதல் கேட்டவை," என்றாள்.

மூன்று பேர் இருந்தார்களாம். நடுவில் தாதிமாரின் தலைவியான, வயதான சிங்கள மேற்றன் ஒருவர். ஓரத்தில் இருந்த தமிழ் டொக்டர் இரண்டு பக்கமும் பேச்சை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மேற்றன் பத்திரத்தின் கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடிக்கு மேலால் இவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார். இவள் பானைக் கதையைச் சொல்லியிருக்கிறாள்.

"பிறகு அவ ஒரு கேள்வி கேட்டவ, மிஸ். அந்தப் பானையில முதல் ஆர் குடிச்சது எண்டு."

"விழுந்த பிள்ளைதானே?"

ரீற்றா இல்லையென்று தலையாட்டினாள். "நான். வழியிலயே, மூடியைத் திறந்து. ரெண்டு வாய். எனக்கும் விடிய இருந்து தண்ணி இல்லை."

"அதைச் சொன்னியோ?"

"ஓம். கேட்டவ, சொன்னன். டொக்டர் அதை மாத்திச் சொல்ல முதல் என்னை ஒருக்காப் பார்த்தவர். சொல்லட்டோ எண்ட மாதிரி. சொல்லுங்கோ எண்டன்."

"பிறகு?"

"மேற்றன் சிரிக்கேல்லை. குனிஞ்சு, தன்ர தாளில என்ர பேருக்கு நேர ஒரு சொல் எழுதினவ. ஒரேயொரு சொல்தான். பிறகு போகச் சொல்லிப்போட்டா." மேசைக்குக் கிட்ட வந்தாள். "எட்டிப் பாத்தனான். எனக்கு விளங்கேல்லை. நீங்கள் வாசிப்பியள்தானே, மிஸ்? அது என்ன சொல்லா இருக்கும்?"

"எழுதிக் காட்டும் பாப்பம்."

என் மேசையில் படிந்திருந்த மணலில் விரலை வைத்து மெதுவாக வரைந்தாள். ஒரு பெரிய சுழி. அதற்குள் இன்னொரு சின்னச் சுழி. மேலே வளைந்து ஒரு கொம்பு. அத்தோடு விரல் நின்றது. அதற்கு மேல் நினைவில் இல்லை.

அப்படித் தொடங்குகிற சொல் சிங்களத்தில் எத்தனையோ இருக்கின்றன. நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். அவளும் ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்டு, இருக்குமோ, இருக்காதோ என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.